பணம் வந்தால் பிறப்பு குறையுமா? மொரிசியஸ் காட்டும் கணக்கு

இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில் அக்கம்பக்கமாக மூன்று தீவுகள் கிடக்கின்றன. மடகாஸ்கர் உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அங்கே ஒரு பெண் சராசரியாகச் சுமார் 4 குழந்தைகள் பெறுகிறாள். எங்கள் மொரிசியஸில் அந்தச் சராசரி 1.4 அளவுக்கு இறங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரியூனியன் பிரான்சின் ஒரு பகுதி. தலைவீத வருமானத்தில் எங்களைவிட நன்றாகவே மேலே நிற்கிறது. ஆனால் 2010களில் அங்கே சராசரி 2.4 குழந்தைகள்.

நாடு வளர்ந்து கையில் பணம் புழங்கினால் பிள்ளை பெறுவது குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மடகாஸ்கரையும் மொரிசியஸையும் மட்டும் வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் படுகிறது. ரியூனியனைச் சேர்த்தவுடன் இடிக்கிறது. பணம்தான் காரணம் என்றால் பட்டியலில் ரியூனியன் அல்லவா கடைசியில் நிற்க வேண்டும்?

பொருளாதார வளர்ச்சி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மருத்துவமனை, பள்ளிக்கூடம், மாதச் சம்பளம், ஓய்வூதியம், பஸ், மின்சாரம் என்று அதற்குள் பல சங்கதிகள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் சில பிறப்பைக் குறைக்கும். சில அதைத் தொடவே தொடாது. ஒன்றிரண்டு முதலில் பிறப்பைக் கூட்டும். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதற்கு மொரிசியஸ் வசதியான இடம்: சிறிய தீவு, ஒழுங்கான பிறப்பு இறப்புப் பதிவேடுகள், ஒரே தலைமுறைக்குள் நடந்து முடிந்த மாற்றம்.

இரண்டு அளவுகள்

பிறப்பு விகிதம் என்பது ஓர் ஆண்டில் 1,000 மக்களுக்கு எத்தனை குழந்தைகள் பிறந்தன என்ற கணக்கு. எளிதானது, ஆனால் ஏமாற்றக்கூடியது. இளைஞர்கள் நிறைந்த நாட்டில் ஒவ்வொரு பெண்ணும் இரண்டோடு நிறுத்திக்கொண்டாலும் இந்த எண் உயர்ந்தே இருக்கும். பெற்றெடுக்கும் வயதில் பெண்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள்.

அதனால் மக்கள்தொகை ஆய்வாளர்கள் கருவுறுதல் விகிதத்தைப் பார்க்கிறார்கள். இந்த ஆண்டு 18 வயதுப் பெண்கள் பெற்றது எவ்வளவு, 25 வயதுப் பெண்கள் பெற்றது எவ்வளவு, 40 வயதுப் பெண்கள் பெற்றது எவ்வளவு என்று 15 முதல் 49 வரை எல்லா வயதுகளின் கணக்கையும் கூட்டி, ஒரே பெண்ணின் வாழ்நாளாகக் கோப்பார்கள். அப்படி ஒரு பெண் எங்கும் இல்லை. ஆனால் நாடுகளையும் காலங்களையும் ஒப்பிட அந்தக் கற்பனைப் பெண் நன்றாக உதவுகிறாள். இந்த விகிதம் 2.1 ஆக இருந்தால் ஒரு தலைமுறை தன் அளவிலேயே அடுத்த தலைமுறையை விட்டுச் செல்லும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறப்பதாலும், பிறந்த சிறுமிகள் எல்லோரும் தாயாகும் வயதுவரை பிழைப்பதில்லை என்பதாலும் 2க்கு மேல் அந்த 0.1 தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஓர் அடையாளம்: 2019–21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் விகிதம் 2.0, தமிழ்நாட்டுக்கு 1.8, பீகாருக்கு 3.0.

காய்ச்சல் போனது, தொட்டில் நிறைந்தது

வளர்ச்சியின் கை முதலில் படுவது இறப்பின் மேல்தான். மொரிசியஸில் மலேரியா 1860களில் புகுந்தது. 1867ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். வசதியுள்ளவர்கள் தலைநகர் போர்ட் லூயிஸை விட்டுக் குளிர்ந்த மேட்டு நிலத்துக்குக் குடியேறினார்கள். கியூர்பிப் நகரம் வளர்ந்த கதையில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக வந்த நம் முன்னோர்கள் எங்கே போவார்கள்? கரும்போடும் காய்ச்சலோடும் அங்கேயே கிடந்தார்கள்.

1940களின் கடைசியில் டி.டி.டி. என்ற கொசுமருந்துத் தெளிப்பு தொடங்கியது. வீடு வீடாகச் சுவர்களில் மருந்தடித்தார்கள். சில ஆண்டுகளில் நடந்ததை நம்புவது கடினம். 1940களின் நடுவில் 1,000 பேருக்கு 30ஐ ஒட்டியிருந்த இறப்பு விகிதம் 1950ல் 14 அளவுக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவில் நூறு ஆண்டுகள் பிடித்த இறக்கம் இங்கே பத்து ஆண்டுகளுக்குள் முடிந்தது.

பாடப்புத்தகங்கள் சட்டென்று தாண்டிப் போகும் ஒரு செய்தி இங்கே இருக்கிறது. இறப்பு குறைந்த அதே ஆண்டுகளில் பிறப்பு விகிதம் ஏறியது. 1940களின் தொடக்கத்தில் 40க்குக் கீழே இருந்தது, 1950ல் 50ஐ நெருங்கியது. பெண்கள் திடீரென்று அதிகப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று பொருளில்லை. மலேரியா கர்ப்பிணிகளை வாட்டும் நோய். கருச்சிதைவுக்கும் குழந்தை இறந்து பிறப்பதற்கும் காரணமாகும். காய்ச்சல் விலகியதும் கர்ப்பம் நிலைத்தது. கணவன்மார் இளவயதில் சாவது குறைந்ததால் தாம்பத்தியமும் நீண்டது. ஆக, வளர்ச்சியின் முதல் தவணை பிறப்பைக் கூட்டவே செய்தது. இன்று ஆப்பிரிக்காவின் சில ஏழை நாடுகளைப் பார்த்து "இத்தனை உதவி போயும் பிறப்பு குறையவில்லையே" என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த இடைக்காலத்தை மறந்துவிடுகிறார்கள்.

இறப்பு சரிய, பிறப்பு ஏற, இடையில் இருந்த பள்ளம் அகலமானது. 1950களில் மக்கள்தொகை ஆண்டுக்கு 3 சதவீதம் அளவில் பெருகியது. அந்த வேகத்தில் 24 ஆண்டுகளில் ஒரு நாடு இரட்டிப்பாகிவிடும். 1952 கணக்கெடுப்பில் 5 இலட்சம் பேர் இருந்த தீவு, 1962ல் 6 இலட்சத்து 80 ஆயிரத்தைத் தொட்டது. இதற்கு நடுவே 1960ல் அலிக்ஸ், கேரல் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள் வந்து கரும்பையும் குடிசைகளையும் சாய்த்துவிட்டுப் போயின.

பிரிட்டிஷ் ஆட்சி இங்கிலாந்திலிருந்து நிபுணர்களை வரவழைத்தது. பொருளாதாரத்தைப் பார்க்க ஜேம்ஸ் மீட் வந்தார். 1977ல் நோபல் பரிசு பெற்றவர் இவர்தான். சமூகநலத்தைப் பார்க்க ரிச்சர்ட் டிட்மஸ் வந்தார். இரண்டு அறிக்கைகளும் 1961ல் வெளியாயின. போகிற போக்கில் போனால் நூற்றாண்டு முடிவதற்குள் மக்கள்தொகை 30 இலட்சத்தை நெருங்கும் என்று டிட்மஸ் குழு கணக்கிட்டது. தீவு அமைதியாக வளர வாய்ப்பு குறைவு என்றார் மீட். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வந்த எண் 12 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு.

மீட் சொன்னது பலிக்கவில்லை என்று பொருளாதார மேடைகளில் அவரைக் கேலி செய்வது ஒரு வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை என்பேன். குடும்பக் கட்டுப்பாடு வேண்டும், ஆட்களுக்கு அதிகம் வேலை தரும் தொழிற்சாலைகள் வேண்டும் என்று வழியும் அவர் சொல்லியிருந்தார். தீவு பெரும்பாலும் அந்த வழியில்தான் போனது.

ஒரு குழந்தையின் வரவும் செலவும்

1950ல் ஃபிளாக் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கரும்புத் தோட்டத்தில் வேலைக் குழுக்கள் இரண்டு. வெட்டுவது, சுமப்பது போன்ற கடின வேலை ஆண்களின் பெரிய குழுவுக்கு. களை பறிப்பது, உரம் போடுவது போன்றவை பெண்களும் சிறுவர்களும் சேர்ந்த சிறிய குழுவுக்கு. வீட்டில் ஒரு மாடு இருக்கும். அதற்குப் புல் அறுத்து வருவது பிள்ளைகள் பொறுப்பு. எட்டு வயதில் தம்பியைத் தூக்கி வளர்க்கும் அக்கா, பத்து வயதில் புல்லுக்கட்டு சுமக்கும் அண்ணன். பிள்ளை சில ஆண்டுகள் சாப்பிடும், பிறகு சம்பாதித்துப் போடும், கடைசியில் முதியவர்களுக்குக் கஞ்சி ஊற்றும். செலவு குறைவு, வரவு நிச்சயம்.

அதோடு பிறந்ததெல்லாம் தங்காது என்ற அச்சம். 1940களின் நடுவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 150 அளவில் ஓராண்டுக்குள் இறந்தன. வளர்ந்த மகன் இரண்டு பேராவது வேண்டுமென்றால் ஆறு ஏழு பெற்றாக வேண்டும் என்பது அறியாமை அல்ல, கசப்பான முன்னெச்சரிக்கை.

ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல் மேற்கு ஆப்பிரிக்கக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1976ல் ஒரு கருத்தை முன்வைத்தார். செல்வம் பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குப் பாயும் சமுதாயத்தில் பிள்ளை அதிகம் பெறுவதுதான் புத்திசாலித்தனம். பாய்ச்சல் திசை மாறி, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகத் தொடங்கிய நாளில் குடும்பம் சுருங்கும். திசையை மாற்றும் பெரிய சக்தி பள்ளிக்கூடம் என்றார் அவர். புல் அறுக்கப் போகவேண்டிய பையன் சீருடை போட்டுக்கொண்டு காலையில் கிளம்பிவிட்டால், வீட்டுக்கு ஒரு கூலி குறைந்து ஒரு செலவு கூடிவிட்டது.

மொரிசியஸில் இந்தச் செலவு எங்கே போய் நின்றது என்று பார்க்க வேண்டுமானால் டியூஷனைப் பார்க்க வேண்டும். 1977லிருந்து உயர்நிலைப் பள்ளிக் கல்வி இலவசம். ஆனால் நல்ல பள்ளியில் இடம் பிடிக்க, தொடக்கப் பள்ளி முடியும்போது நடந்த தேர்வில் முந்த வேண்டியிருந்தது. அதற்காகப் பத்து வயதுப் பிள்ளையைப் பள்ளி விட்டதும் டியூஷனுக்கு அனுப்பாத வீடு அபூர்வமாகிவிட்டது. பள்ளியிறுதித் தேர்வில் முதலிடங்களைப் பிடிப்பவர்களுக்கு வெளிநாட்டில் படிக்க அரசு உதவித்தொகை. அந்தப் பெயர்கள் வெளியாகும் நாளில் தீவே வானொலியில் காது வைத்துக் கிடக்கும். கல்வி இலவசமான பிறகுதான் பெற்றோர் கல்விக்கு அதிகம் செலவழித்தார்கள் என்றால் முரணாகத் தோன்றும். வாசல் எல்லோருக்கும் திறந்ததும் எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள் என்பதே அதன் விளக்கம். ஓடுகிற பிள்ளைகள் ஐந்து பேர் என்றால் ஒருவருக்கும் பணம் போதாது. இரண்டு பேர் என்றால் கட்டிவிடலாம். 1992ல் நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர் இதைத்தான் எண்ணிக்கைக்கும் தரத்துக்கும் நடுவே பெற்றோர் செய்யும் தேர்வு என்று விளக்கினார். பிள்ளைகளின் எண்ணிக்கையையும் தரத்தையும் பற்றி அவர் சமன்பாடு எழுதினார். இங்கே தாய்மார்கள் மாதக் கடைசியில் கையில் மிஞ்சிய ரூபாயை எண்ணியே அந்த முடிவுக்கு வந்தார்கள்.

முதுமைக் கணக்கும் மாறியது. மொரிசியஸ் 1950ல் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. 1958ல் வருமானச் சோதனையை நீக்கி, தகுதி வயதை எட்டிய எல்லோருக்கும் கொடுத்தது. அந்தக் காலத்தில் ஓர் ஏழைக் குடியேற்ற நாட்டில் இது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பிறப்பு குறைந்ததற்குக் காரணம் சொல்பவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள் என்பது என் குறை. கடைசிக் காலத்தில் மகன் கைவிட்டாலும் தபால் நிலையத்தில் பணம் வரும் என்ற தைரியம் சிறியதா என்ன?

எது முன்னால், எது பின்னால்

மொரிசியஸைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் கதை இப்படிப் போகும்: ஏற்றுமதி ஆலைகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதி மண்டலச் சட்டம் 1970ல் வந்தது, ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன, பெண்கள் வேலைக்குப் போனார்கள், பிறப்பு குறைந்தது. நேர்த்தியான கதை. ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் பொருந்தவில்லை.

1960களின் தொடக்கத்தில் கருவுறுதல் விகிதம் 6 அளவில் இருந்தது. 1970களின் நடுவில் அது மூன்று, மூன்றரைக்கு இறங்கிவிட்டது. அதாவது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி. தொழிற்சாலைகள் அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தன. அவற்றின் பெருக்கம் 1980களில்தான் வந்தது. 1968 மார்ச் 12ல் சுதந்திரம் பெற்ற தீவு கரும்பை மட்டுமே நம்பி நின்றது, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. ஏழை நாடாக இருந்தபோதே பிறப்பு பாதியானது.

பணம் வருமுன் என்ன வந்திருந்தது? குழந்தைகள் பிழைத்தார்கள். 1960 வாக்கில் சிசு மரணம் 1940களில் இருந்ததில் பாதியாகிவிட்டது. சிறுமிகள் தொடக்கப் பள்ளிக்குப் போனார்கள். திருமண வயது ஏறியது. இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் முந்திய தலைமுறைப் பெண்கள் இருபதைத் தொடுவதற்குள் கைக்குழந்தையோடு நின்றார்கள். அடுத்தவர்கள் இருபதுக்குப் பிறகு மணமேடை ஏறினார்கள். ஐந்தாறு ஆண்டுத் தள்ளிப்போடல் ஒரு பெண்ணின் வாழ்நாளில் இரண்டு பிரசவங்களைக் குறைத்துவிடும். தலைமுறைக்கும் தலைமுறைக்கும் இடையிலான தூரமும் நீளுவதால் மக்கள்தொகை பெருகும் வேகமும் தணிகிறது.

கூடவே கருத்தடை வந்தது. 1957ல் மொரிசியஸ் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கியது. கத்தோலிக்கத் திருச்சபை மாத்திரைகளை ஏற்கவில்லை. மக்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் கத்தோலிக்கர் இருக்கும் நாட்டில் இது பெரிய தடை. பிறகு 1963ல் கத்தோலிக்கர் முயற்சியில் வேறொரு அமைப்பு உருவானது. மாதவிலக்கு நாள்களைக் கணக்கிட்டுத் தவிர்க்கும் இயற்கை முறையை அது தம்பதியருக்குக் கற்றுக்கொடுத்தது. அரசு ஒரு பக்கமும் சாயாமல் இரண்டுக்கும் பண உதவி செய்தது. 1972ல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவையைச் சுகாதார அமைச்சகம் தன் கையில் எடுத்துக்கொண்டது. எந்தச் சமூகத்தைப் பார்த்து எந்தச் சமூகமும் "அவர்கள் மட்டும் பெருகுகிறார்கள்" என்று சண்டைக்கு நிற்க அதிகம் இடமில்லாமல், வட இந்திய வம்சாவளி இந்து, தமிழர், முஸ்லிம், ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல், சீனர் என்று எல்லார் வீட்டிலும் பிறப்பு குறைந்தது. இவ்வளவு பதற்றமான அரசியல் காலத்தில் அது நடந்ததை இன்னும் யாராவது ஒழுங்காக எழுத வேண்டும்.

அமெரிக்க அறிஞர் ஆன்ஸ்லி கோல் 1973ல் மூன்று நிபந்தனைகளைச் சொன்னார். பிள்ளைகளின் எண்ணிக்கை நாமே முடிவு செய்யக்கூடிய விஷயம் என்று தம்பதியர் நினைக்க வேண்டும். குறைவாகப் பெறுவதில் தங்களுக்கு நன்மை இருப்பதைக் காண வேண்டும். அதற்கான வழி கைக்கெட்ட வேண்டும். "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவரை முதல் நிபந்தனையே நிறைவேறவில்லை. தைப்பூசத்தில் பிள்ளை வரம் வேண்டிக் காவடி எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றோ இரண்டோ தந்தால் போதும் என்று முருகனிடமே எல்லை வகுத்துவிடுகிறார்கள்.

இந்த மூன்று நிபந்தனைகளையும் வைத்துப் பார்த்தால் வருமானம் நேரடியாக எங்கும் இல்லை என்பது தெரியும். வருமானம் உயர்ந்தால் இவை நிறைவேறுவது எளிதாகும், அவ்வளவுதான். பணமில்லாமலும் நிறைவேறலாம், பணம் இருந்தும் நிறைவேறாமல் போகலாம்.

ஆலைப் பஸ்

தொழிற்சாலை பிறப்பு இறக்கத்தின் இரண்டாம் கட்டத்தை முடித்துவைத்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியது 1980களின் நடுவில். அதில் ஆடைத் தொழிலின் பங்கு மறுக்க முடியாதது.

ரோஸ் ஹில் பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் அந்தக் காலத்தில் பின்னலாடை ஆலையில் வேலை பார்த்தவர். காலையில் கம்பெனி பஸ் கோயில் மூலையில் வந்து நிற்கும். ஊர்ப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் டிபன் டப்பாவோடு ஏறுவார்கள். ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஓவர்டைம் முடிந்து திரும்ப இருட்டிவிடும். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சம்பளம் வரத் தொடங்கியதும் பேச்சு தானாக ஆறிப்போனது. "அப்பாவுக்கு அவசரம் போய்விட்டது. தம்பிகள் இரண்டு பேருக்கும் டியூஷன் என் சம்பளத்தில்தான்" என்று கிரியோல் மொழியில் சொல்லிச் சிரித்தார். கல்யாணமான பிறகு சம்பளக் கவரை மாமியார் கையில் கொடுத்திருக்கிறார். முதல் குழந்தைக்குப் பிறகு கவர் அவர் கைப்பையிலேயே தங்கியது. இரண்டாவதோடு நிறுத்திக்கொள்வது என்ற முடிவும் அவர் எடுத்ததுதான். கணவரிடம் சொன்னாரே தவிரக் கேட்கவில்லை.

பொருளாதார நூல்கள் இழந்த வருமானம் என்று குறிப்பிடுவது இந்தக் கவரைத்தான். வேலை இல்லாத தாய்க்கு இன்னொரு குழந்தை என்றால் பால், துணி, மருந்துச் செலவு. சம்பளம் வாங்கும் தாய்க்கு அந்தச் செலவோடு பல மாதச் சம்பளமும் போகிறது, சிலருக்கு வேலையே போகிறது. கணவனின் வருமானம் உயர்ந்தால் கூடுதலாக ஒரு பிள்ளையை வளர்க்கும் வசதி வரும். மனைவியின் சம்பளம் உயர்ந்தால் கூடுதல் பிள்ளையின் விலை ஏறும். இரண்டும் எதிரெதிராக இழுக்கும். ஏழை நாடுகள் வளரும்போது பெரும்பாலும் இரண்டாவது இழுப்பே வெல்கிறது.

ரியூனியன் புதிர் இங்கே ஓரளவு அவிழ்கிறது. அங்கே வருமானம் உயர்வு, ஆனால் வேலையின்மை மொரிசியஸைவிட வெகு அதிகம். பிரெஞ்சுச் சட்டப்படி குழந்தைகளுக்கு அரசு உதவித்தொகை உண்டு. வேலை கிடைப்பதே அரிதான இளம்பெண்ணுக்குக் குழந்தை பெறுவதால் இழக்கும் சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1960களில் 6க்கு மேல் இருந்த விகிதம் அங்கும் வேகமாகத்தான் இறங்கியது. இரண்டரை வாக்கில் வந்து நின்றுவிட்டது.

ஆலைகளில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஆடை இறக்குமதிக்கு ஒதுக்கீடு வழங்கிய உலக ஒப்பந்தம் 2005 பிறக்கும்போது முடிவுக்கு வந்தது. ஒதுக்கீட்டின் பாதுகாப்பு போனதும் மொரிசியஸ் ஆலைகள் பல மூடின, பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். வேலைதான் பிறப்பைக் குறைத்தது என்றால் வேலை போனதும் பிறப்பு ஏற வேண்டுமே? ஏறவில்லை, தொடர்ந்து இறங்கியது. சிறு குடும்பம் ஊர் வழக்கமாகிவிட்ட பிறகு அதற்குத் தொடக்கக் காரணம் தேவைப்படுவதில்லை.

மற்ற நாடுகளில்

பங்களாதேஷ் 1970களில் உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. கருவுறுதல் விகிதம் 6க்கு மேல். பெண் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வீடு சென்று கருத்தடைச் சாதனங்களைக் கொடுத்தார்கள். மட்லப் என்ற வட்டாரத்தில் 1977லிருந்து நடந்த சோதனை, அப்படிச் செய்த ஊர்களில் பிறப்பு மற்ற ஊர்களைவிட வேகமாகக் குறைந்ததைக் காட்டியது. இன்று அந்நாட்டின் விகிதம் 2ஐ ஒட்டியிருக்கிறது. எதிர்ப்பக்கம் சவுதி அரேபியா: எண்ணெய்ப் பணம் கொட்டிய 1980ல் அங்கே விகிதம் 7 அளவில். பணம் வந்தது, பெண்களின் வாழ்க்கை அப்போதைக்கு மாறவில்லை. கேரளம் இந்தியாவின் பணக்கார மாநிலங்களில் ஒன்றாக இல்லாத காலத்திலேயே, 1980களின் முடிவில், 2.1ஐத் தொட்டுவிட்டது.

அம்பு இரண்டு பக்கமும் பாய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறப்பு குறைந்ததால் வளர்ச்சி வேகமடைகிறது. 1960களில் மொரிசியஸில் உழைப்பவர்களைவிடப் பள்ளிச் சிறுவர்கள் பெருகிக்கொண்டிருந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அந்தச் சிறுவர்கள் உழைக்கும் வயதுக்கு வந்தபோது அவர்களுக்குக் கீழே சுமை குறைவு. வீட்டில் சேமிக்க முடிந்தது, அரசுக்கு ஒரு மாணவனுக்கு அதிகம் செலவிட முடிந்தது. 1980களின் வளர்ச்சிக்குச் சர்க்கரை விலை, ஐரோப்பியச் சந்தைச் சலுகை, ஹாங்காங் முதலீடு என்று காரணம் அடுக்குவார்கள். 1960களில் பெறப்படாத பிள்ளைகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மக்கள்தொகை ஈவு என்று இதற்குப் பெயர். ஒரு தலைமுறைக்கு மட்டும் கிடைக்கும்.

இரண்டுக்குக் கீழே

2.1இல் நின்றுவிடும் என்று எந்த விதியும் இல்லை. மொரிசியஸ் 2000க்குப் பிறகு 2க்குக் கீழே இறங்கி, 2010ல் 1.6, இப்போது 1.4 அளவில் இருக்கிறது. நாட்டைச் சேர்ந்த சிறிய ரொட்ரிகஸ் தீவில் மட்டும் சற்று அதிகம். 2011, 2022 கணக்கெடுப்புகளுக்கு இடையே நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ அசையவே இல்லை. இரண்டிலும் 12 இலட்சத்து 35 ஆயிரத்தை ஒட்டிய எண்தான். கோயில்களில் ஞாயிறு தமிழ் வகுப்பு நடத்துபவர்களைக் கேட்டால் வேறு கணக்கெடுப்பே வேண்டாம் என்பார்கள்.

சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு அரசு அண்மை ஆண்டுகளில் மாத உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. இத்தகைய தொகைகள் பிறக்கவிருக்கும் குழந்தையைக் கொஞ்சம் முன்கூட்டியே பிறக்க வைக்கும். மொத்த எண்ணிக்கையைப் பெரிதாக உயர்த்தாது என்பதே பல நாடுகளின் அனுபவம். ஆலைகளில் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்த இடத்தில் பங்களாதேஷிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள்.

2025 ஜூன் பட்ஜெட்டில் ஓய்வூதிய வயதை 60லிருந்து படிப்படியாக 65க்கு உயர்த்துவதாக அரசு அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியது, கிளம்பாமல் இருக்குமா? ஆனால் கணக்கு இதுதான். இப்போது 60ஐ எட்டுபவர்கள் 1960களின் நடுவில், தாய்க்கு ஐந்தாறு பிள்ளைகள் என்றிருந்த காலத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் வரி கட்ட வரிசையில் நிற்பவர்கள் 2000க்குப் பிறகு பிறந்தவர்கள். 2000ல் தீவில் பிறந்த குழந்தைகள் சுமார் 20,000. இருபது ஆண்டுகள் கழித்து ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் சுமார் 13,000.